இன்னும் ஒரு வாய்

குழந்தைகள் வார்டு, நான்காம் கட்டில்
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள பட்டாணி அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை இது. இந்த முறை முதல் பாதியை எழுத மனம் வரவில்லை. உங்கள் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று உங்கள் அக்கா சொன்னார். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். நம் மகளின் வயிற்றில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாக உணவு செலுத்த ட்யூப் வைப்பதற்கான சம்மதம் அது. அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் அசல் படிவம் சர்ஜன் கையில் இருந்தால் மறுநாள் ஆபரேஷன். இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு மறுபடி எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. என் கையெழுத்து மட்டும் போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். நீங்கள்தான் பெரிய மனது பண்ணி வெளிநாட்டில் இருந்தே அவருக்குப் போன் போட்டு, 'நான் வாராவாரம் என் கண்ணால பாக்கறேன் டாக்டர், என் பொண்ணு நல்லா சாப்பிடறா, எனக்குச் சம்மதம் இல்ல' என்று சொல்லிவிட்டீர்களே. இப்போது அவர் 'அப்பா எழுத்துல ஒத்துக்காம நான் கத்தியை எடுக்க மாட்டேம்மா' என்கிறார். வாராவாரம் நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். நான் வாயைத் திறந்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். உங்கள் அறையில் இருக்கும் ஐந்து பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அந்த வெல்டர் 'ரெண்டு நாள் பசிக்க விடுங்க தங்கச்சி, தானா சாப்பிடும்' என்றார். சொந்தப் பிள்ளைகள் என்ன வகுப்பு படிக்கிறார்கள் என்று கேட்டால் முழிக்கிற மனிதர், என் பிள்ளைக்கு வைத்தியம் சொல்கிறார். லீவு முடிந்து நாளை அவர்தான் திரும்புகிறார் என்பதால் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழியில் பிரித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பட்டாணிக்கு இப்போது காய்ச்சல் நூறுக்குக் கீழே வந்திருக்கிறது. மூக்கில் ஆக்ஸிஜன் இன்னும் எடுக்கவில்லை. இது மூன்றாவது நிமோனியா. இரண்டரை வயதுக் குழந்தைக்கு எடை ஏழு கிலோ இருநூறு. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் எட்டு மாதக் குழந்தை இவளைவிடக் கனம். அந்தக் குழந்தையின் தாய் முதல் நாள் 'எத்தனை மாசம்?' என்று கேட்டாள். நான் சொன்னதும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இந்த ஊரிலேயே வாயை மூடத் தெரிந்த ஒரு ஜீவன் அவள்தான்.

நோயின் பெயரை உங்களுக்கு மறுபடி எழுதப் போவதில்லை. லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருமாம். பிறக்கும்போதே மரபணுவில் ஏதோ ஒரு துண்டு இல்லாமல் பிறந்திருக்கிறாள். அது என் சமையலாலும் வரவில்லை, உங்கள் அக்கா கண்டுபிடித்த மாதிரி நான் மாசமாக இருந்தபோது தையல் மெஷின் மிதித்ததாலும் வரவில்லை. அந்தத் துண்டு இல்லாததால் தாடை சின்னது, நாக்கில் பலமில்லை, விழுங்கும்போது தொண்டையில் நடக்க வேண்டிய வேலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நடப்பதில்லை. நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை யோசிக்காமல் செய்கிற காரியம் அவளுக்கு மலை. ஒரு வேளைப் பால் ஊட்ட ஒன்றேகால் மணி நேரம். பாதி மூக்கு வழியாகத் திரும்பி வரும். மடியைத் துடைத்து, அவளைத் துடைத்து, தரையைத் துடைத்து நிமிர்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். இதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தேன். எத்தனையோ காலரில் பால் கறை இருந்திருக்கும், பாவம் அந்தப் பிள்ளைகள்.

இதைப் பார்த்துத்தான் வந்து போகிறவர்கள் எல்லோரும் 'இன்னும் சாப்பிட மாட்டேங்குதா?' என்றார்கள். மாட்டேன் என்பதற்கும் முடியாது என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தேன். ஒருவர் அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு 'என்னடி, அடம் பிடிக்கறியா?' என்றார். கீழ்வீட்டுக்காரர் ஒரு புத்தகமே கொடுத்தார், அடம்பிடிக்கும் குழந்தைகளை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று. அதைத் தையல் மெஷின் ஆடாமல் இருக்கக் காலுக்கடியில் வைத்திருக்கிறேன். நல்ல கனமான புத்தகம், குறை சொல்ல முடியாது.

இவர்களுக்கெல்லாம் மகுடம் உங்கள் அக்கா. நான்கு மாதம் முன்பு பத்து நாள் வந்து தங்கினாரே, அப்போது நடந்ததை அவர் உங்களுக்குச் சொன்ன விதம் எனக்குத் தெரியும். நான் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பட்டாணியை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, டம்ளரில் இருந்த பாலைக் கரண்டி கரண்டியாக வாயில் விட்டுக்கொண்டிருந்தார். புரையேறாமல் இருக்க டாக்டர் கலக்கச் சொன்ன கெட்டியாக்கும் பவுடர் இல்லாத வெறும் பால். டம்ளர் காலி. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. 'பாரு, முழு டம்ளர். ஒரு இருமல் உண்டா, ஒரு புரை உண்டா? ஊட்டத் தெரிஞ்சவ ஊட்டினா பிள்ளை குடிக்கும்' என்றார். அன்றே உங்களுக்கும் போன் போட்டு, 'உன் பொண்டாட்டிக்கு ஊட்டத் தெரியலடா, அவ்ளோதான் விஷயம்' என்று சொன்னார். நீங்களும் என்னைக் கூப்பிட்டு, அக்காவிடம் கற்றுக்கொள் என்றீர்கள். நானும் சரி என்றேன். ஏனென்றால் உண்மையிலேயே இருமல் இல்லை. பத்து நாளும் அவரே ஊட்டினார். பதினோராம் நாள் அவர் கிளம்பிப் போனார். பன்னிரண்டாம் நாள் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. அதுதான் இரண்டாவது நிமோனியா. சளி பிடித்துவிட்டது, நீ குளிப்பாட்டியது சரியில்லை என்று அதற்கும் உங்கள் அக்காவே விளக்கம் தந்தார்.

அதற்குப் பிறகுதான் இங்கே விழுங்கப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் அந்த எக்ஸ்ரே பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாள். 'சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்' என்று நீங்கள் சொன்னீர்களே, அவள்தான். எனக்கும் கனமான கவசம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். பட்டாணியைச் சின்ன நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துப் பட்டை போட்டார்கள். படத்தில் தெரிவதற்காக மருந்து கலந்த பாலை நான்தான் கரண்டியால் கொடுத்தேன். எதிரே திரையில் அவள் தாடை, கழுத்து எல்லாம் சாம்பல் நிறத்தில் அசைந்தன. பால் கறுப்பாகத் தெரிந்தது. நாக்குக்குப் பின்னால் போய்த் தேங்கி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. பின்பக்கம் போனது வயிற்றுக்கு. முன்பக்கம் நூல் மாதிரி ஒன்று இறங்கியது, அது நுரையீரலுக்கு. இரண்டாவது கரண்டியிலும் அதே நூல். மூன்றாவது கரண்டியில் நூல் கொஞ்சம் தடித்தது. நான் திரையை விட்டு இவளைப் பார்த்தேன். இருமவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தெரபிஸ்ட் பிறகு உட்காரவைத்துச் சொன்னாள்: 'நமக்கெல்லாம் ஒரு சொட்டு தப்பான வழியில போனா இருமல் வந்து வெளிய தள்ளிடும்மா. இவளுக்கு அந்த இருமல் வராது. சத்தமே இல்லாம உள்ள போயிட்டிருக்கு. அவ இருமலைன்னா நல்லா விழுங்கறான்னு அர்த்தம் இல்ல.' உங்கள் அக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அதே விஷயம். இருமல் இல்லாததுதான் அவளுடைய ஆபத்தே. வீட்டில் நாம் எல்லோரும் கூடி அதற்குத்தான் சந்தோஷப்பட்டோம். அன்றைக்கே மூக்கு வழியாக ட்யூப் போட்டார்கள். வாய்க்கு உதட்டில் தடவுகிற ருசி மட்டும், அதுவும் தெரபிஸ்டான தான் முன்னால் இருக்கும்போது மட்டும், என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

நர்ஸ் வருகிறார். சளி எடுக்க வேண்டும். பிறகு தொடர்கிறேன்.

மணி பன்னிரண்டு ஆகிறது. மூக்கிலும் தொண்டையிலும் குழாய் விட்டு மெஷினால் சளியை உறிஞ்சினார்கள். நான் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் என் வேலை. அழக்கூட அவளுக்குச் சத்தம் வரவில்லை. நேற்று இது நடக்கும்போது உங்கள் அக்காவும் இருந்தார். எனக்கு மாற்றுப் புடவை கொண்டுவந்திருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், முடிந்ததும் புடவையை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரை நான் இவ்வளவு நேரம் திட்டி எழுதியதைப் படித்து உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். ஆனால் இந்தக் கதையில் அவரைவிடக் கேவலமான ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி இனிமேல்தான் எழுதப் போகிறேன்.

எக்ஸ்ரே எடுத்த அன்று உங்களுக்குப் போன் செய்தேன். நூல் இறங்கியதைச் சொல்லவில்லை. 'கொஞ்சம் பாத்து ஊட்டணுமாம். ஊட்டம் பத்தலைன்னு மூக்குல ட்யூப் வெச்சிருக்காங்க, கூடுதலாத்தான்' என்றேன். 'அதானே, நான்தான் சொன்னேனே' என்றீர்கள். உங்கள் குரலில் அவ்வளவு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்ததும் 'சாப்பிடறதக் காட்டு' என்றீர்கள். நான் காட்டினேன்.

எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் காட்டியிருக்கிறேன். எப்படி என்று கேளுங்கள். காலை பத்து மணிக்கு ட்யூப் வழியாகக் கொடுக்க வேண்டிய பாலைக் கொடுக்க மாட்டேன். பசித்தால்தான் வாயைத் திறப்பாள். ட்யூப் ஒட்டிய கன்னம் உங்களுக்குத் தெரியாதபடி திருப்பி உட்காரவைப்பேன். வாழைப்பழத்தை மசித்து மூன்று கரண்டி. நீங்கள் 'சபாஷ்' என்பீர்கள். போனை வைத்ததும் விரலில் துணியைச் சுற்றி, கன்னத்திலும் மேல் அண்ணத்திலும் ஒட்டியிருப்பதைத் துடைத்து எடுப்பேன். பெரும்பாலும் எல்லாமே துணியில் வந்துவிடும், எதுவும் உள்ளே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் வெல்டரைக் கிண்டல் செய்தேனே, அவருக்கு இவ்வளவு சாமர்த்தியமான முட்டாள்தனம் வராது.

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிறு உங்கள் அறையில் எல்லோரும் இருந்தார்கள். யாருக்கோ பிறந்தநாள். 'என் பொண்ணு சாப்பிடறதப் பாருங்கடா' என்று போனைச் சுற்றிக் காட்டினீர்கள். மூன்று கரண்டி முடிந்தது. 'இன்னும் ஒரு வாய்' என்றீர்கள். அவள் கண்ணோரம் சிவந்துவிட்டது, மூக்கு விடைத்தது. களைத்துவிட்டாள் என்பதற்கு அதுதான் அடையாளம், அந்தத் தெரபிஸ்ட் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். 'இன்னும் ஒரு வாய்' என்று கூட்டமாகச் சொன்னீர்கள். கொடுத்தேன். ஆறு கரண்டி. கைதட்டலைப் பார்த்து அவளும் வாய் நிறையப் பழத்தோடு சிரித்தாள். அன்றைக்குத் துணியில் ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல். புதன்கிழமை உதடு நீலம் பாரித்தது. ஆட்டோவில் நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை.

உங்கள் அக்கா தெரியாமல் செய்தார். நீங்கள் தெரியாமல் கேட்டீர்கள். நான் திரையில் கண்ணால் பார்த்துவிட்டு, தெரிந்தே செய்தேன். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே திட்டுங்கள். ஆனால் சர்ஜனிடம் நீங்கள் சாட்சி சொன்னது இந்த எட்டு ஞாயிற்றுக்கிழமைகளை வைத்து. அது சாட்சி இல்லை, நான் உங்களுக்குப் போட்ட நாடகம். அதை நம்பி அவள் ஆபரேஷனை நிறுத்தாதீர்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். நீங்கள் மற்ற நாட்களில் போன் செய்தால் 'உன் பொண்ணு எப்படி இருக்கா?' என்று கேட்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைத் திறந்து கரண்டியை வாங்கும்போது மட்டும் 'என் பொண்ணு' என்கிறீர்கள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஊட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வயிற்றில் ட்யூப் வைத்தால் வாய் மறந்துவிடும், வாழ்நாள் முழுக்க அப்படியே கிடப்பாள் என்று சர்ஜனிடம் சண்டை போட்டிருக்கிறீர்கள். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ட்யூப் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. எச்சில் உள்ளே போகலாம், சளி பிடிக்கலாம். ஆனால் எடை ஏறும், உடம்பில் தெம்பு வரும். தெம்பு வந்தால் விழுங்கும் பயிற்சியைப் பயமில்லாமல் தொடரலாம். என்றாவது வாயால் சாப்பிடப் பழகிவிட்டால் ட்யூபை எடுத்துவிடலாம், துளையும் மூடிவிடும். பழகாமலும் போகலாம். மூக்கு ட்யூபை இப்படியே வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது, இதுவரை பதினோரு தடவை அவளே பிடுங்கிவிட்டாள். 'இன்னொரு நிமோனியா வந்தா நான் எந்த வாக்கும் தர முடியாதும்மா' என்று கடைசியாகச் சொன்னார். அப்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் லிஃப்ட் மெக்கானிக். மேலே கீழே நன்றாகத்தான் ஓடுகிறது, சத்தம்கூட இல்லை என்று ஆட்கள் கெஞ்சினாலும் உள்ளே பிரேக் தேய்ந்திருந்தால் நீங்கள் பூட்டிவிட்டு வருவீர்கள். ஒரு முறை ஒரு பெரிய முதலாளியே கத்தினார், நீங்கள் சாவியைக் கொடுக்கவில்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். ஊரான் ஏறுகிற பெட்டிக்கு இருக்கிற அந்த ஜாக்கிரதையில் பாதியை உங்கள் மகள் தொண்டைக்கும் கொடுங்கள். அதற்குமேல் இந்த விஷயத்தில் உங்களுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

படிவத்தில் கறுப்பு மையில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்ட அன்றே கூரியரில் அனுப்பிவிடுங்கள். வார்டு விலாசத்தை இன்னொரு உறையில் எழுதி உள்ளேயே வைத்திருக்கிறேன், உங்களுக்கு எழுதும் சிரமம்கூட வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் போனை அவள் கட்டில் கம்பியில் சாய்த்து வைப்பேன். இரண்டு கன்னமும் தெரியும், ஒட்டியிருக்கும் ட்யூபும் தெரியும். அவள் எதுவும் சாப்பிட மாட்டாள். சும்மா படுத்திருப்பாள். உங்கள் குரல் கேட்டால் தலையைத் திருப்புவாள், என் விரலைப் பிடித்து இழுப்பாள், தூக்கம் வந்தால் தூங்கிவிடுவாள். வேறு எந்த வேடிக்கையும் இருக்காது. அப்படி ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க முடியும் என்றால் கூப்பிடுங்கள். முடியாது என்றால் வேண்டாம். கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்புங்கள், அவள் பிழைத்துக்கொள்ளட்டும்.

உயரத்தில் வேலை செய்யும்போது பார்த்து இருங்கள். கோபத்தில் வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அவளுக்கு அப்பா வேண்டும்.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா